மாரியப்பனின் பூச்சட்டை

1

இந்தக் குறிப்பைப் பொறாமையில்தான் எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்கும் உங்களுக்கும் நல்லது. அவுஸ்திரேலியாவில் இருப்பவனுக்கு என்ன பொறாமை என்று ஊரில் இருக்கும் நீங்கள் கேட்பீர்கள். கங்காருவையும் கடற்கரையையும் பற்றி உங்களுக்கு எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒரு சட்டையைப் பற்றி எழுதுகிறேன். சிவப்புப் பூவும் பச்சை ஓலையும் போட்ட, அரைக்கைச் சட்டை. அது என்னுடையது அல்ல, அதுதான் பிரச்சினை.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. யாழ்ப்பாணத்தில் பெரியகடைச் சந்தைப் பக்கம் ஒரு தையற்கடையில் பதினான்கு வருடம் நான் வெட்டுமாஸ்டர். நான் அளவெடுத்து வெட்டுவேன், மற்றவர்கள் தைப்பார்கள். அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர்மார், கல்லூரி ஆசிரியர்கள், இரண்டு நீதவான்கள் எல்லோரும் என் கத்தரிக்கோலுக்குக் கீழே வந்து போனவர்கள். அத்தனையும் வெள்ளைச் சட்டைகள். என் மனைவி சிவமணி தாதி. மெல்பேர்னில் ஒரு ஆஸ்பத்திரி அவளை அழைத்தது. அவளோடு நானும் எங்கள் மகள் வதனியும் வந்தோம். விசாக் கடதாசியில் சிவமணியின் பெயர் மேலே, என் பெயர் கீழே. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று அடிக்கடி சொல்லிக்கொள்வதாகச் சிவமணி சொல்வாள்.

2

வந்த புதிதில் வேலை பதியும் கந்தோரில் ஒரு வெள்ளைக்காரப் பெடியன் என் தொழிலைக் கேட்டான். வெட்டுமாஸ்டர் என்றேன். தன்னிடமிருந்த நீண்ட பட்டியலில் மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தான். அப்படி ஒரு தொழில் அதில் இல்லை. கடைசியில், "தொழிற்சாலைக் கையாள்" என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினான். பதினான்கு வருடத்தை ஒரு வரியில் அழித்துவிட்டு, நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்தியும் அனுப்பினான்.

அப்படித்தான் பிரன்ஸ்விக்கில் ஒரு சட்டைத் தொழிற்சாலைக்குப் போனேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைத் துணியை நாற்பது மடிப்பாக அடுக்கி, மேலே கோடு போட்ட தாளை விரித்து, மின்கத்தியால் அறுத்துத் தள்ளும் வேலை. ஐந்து வருடம் ஒரு மனிதனின் தோளைக்கூட நான் அளக்கவில்லை. அங்கே யன்னலோரம் ஒரு மேசை உண்டு. புதிதாக வரும் சட்டைகளுக்கு மாதிரி வெட்டுகிறவரின் மேசை. வெளிச்சம் விழும், கதிரை உண்டு, கையால் வெட்டலாம். அதிலிருந்த கிழவர் இந்த வருடம் ஓய்வு பெற்றுப் போனார். அந்த மேசைக்காக நான் எதையும் செய்வேன் என்று அப்போது நினைத்தேன். செய்தும் விட்டேன்.

ஒருநாள் எங்கள் மேற்பார்வையாளர் ரொக்கோ என்னைக் கூப்பிட்டார். இத்தாலிக்காரர், நல்ல மனிதர், ஆங்கிலத்தில் என்னைவிட மோசம். நகரத்துப் பெரிய கடை ஒன்று கோடைக்காலத்துக்குத் தீவுச் சட்டை கேட்கிறது என்றார். பூப்போட்டது, அசலானது, போலி மாதிரித் தெரியக் கூடாது.

"நீ தீவுக்காரன்தானே? உங்கள் ஊரில் இதைத்தானே போடுவீர்கள்?"

இலங்கை தீவுதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆம்பிளை பூப்போட்ட சட்டையோடு சந்திக்கு வந்தால் நாய் குரைக்கும். பூப்போட்ட துணிக்கு எங்கள் ஊரில் சீத்தை என்று பெயர். அது பெண்டுகளுக்கும் தலையணை உறைக்கும் உரியது. இதையெல்லாம் நான் ரொக்கோவிடம் சொல்லியிருக்க வேண்டும். என் கண் யன்னலோர மேசையில் இருந்தது.

"ஓம், எல்லாரும் இதுதான் போடுகிறோம்," என்றேன்.

3

ரொக்கோ தந்த பூத்துணியில் ஒரு மாதிரி வெட்டித் தைத்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு கவனமாக ஒரு சட்டை செய்ததில்லை. கழுத்தில் விறைப்பான கொலர். இடுப்பில் களிசானுக்குள் விட நீண்டு வளைந்த வால். இடது மார்பில் பெரிய பை, அதில் பேனை செருக ஒரு தனிப் பிரிவு, பை நன்றாகத் தெரியும்படி சுற்றிவர வெள்ளைக் கரை. ஊரில் பை தெரியாத சட்டையைக் கிளாக்கர்மார் திருப்பித் தந்துவிடுவார்கள். பேனை தெரிந்தால்தான் உத்தியோகம் தெரியும்.

ரொக்கோ சட்டையைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வங்கி மனேஜர் யன்னல் சீலையைப் போர்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது," என்றார்.

தையல் பகுதிக் கிரேக்கப் பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. இரண்டு கிழமை அவகாசம் தருகிறேன், அதற்குள் சரியாக வராவிட்டால் அந்த மேசைக்கு வெளியிலிருந்து ஆள் எடுக்க வேண்டிவரும் என்று ரொக்கோ சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டில் இதை நான் சொல்லவில்லை. நாற்பது மடிப்பு வெள்ளைத் துணிக்குத் திரும்பிப் போய்விடுவேனோ என்ற பயம் கூடவே இருந்தது.

4

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நாங்கள் இங்கே வந்து இறங்கி ஐந்து வருடம் நிறைந்தது. சிவமணி மாரியப்பனைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். மாரியப்பன் ட்ராமில் ரிக்கெற் கொடுக்கும் கொண்டக்டர். ஒருநாள் நாங்கள் இருவரும் ட்ராமில் சண்டை பிடித்துக்கொண்டு வந்ததைக் கேட்டுவிட்டு, "தமிழா?" என்று வாயெல்லாம் பல்லாக வந்து நின்றவர். பிஜித் தீவுக்காரர். அவருடைய தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகச் சேலத்திலிருந்து கப்பலேறியவராம். அவர் பேசுவது அந்தத் தாத்தாவின் பேச்சுத்தமிழ், இடையில் கொஞ்சம் ஆங்கிலம். தமிழ் எழுத வராது. என்னுடைய தமிழைக் கேட்டால் புத்தகம் மாதிரி இருக்கிறது என்று சொல்வார். நான் அதை மறுப்பதில்லை.

நல்ல குளிர். வாசலில் வைத்து மேற்கோட்டைக் கழற்றினார். உள்ளே அந்தச் சட்டை.

"ஐயோ, எவ்வளவு வடிவு!" என்றாள் சிவமணி.

ஐந்து வருடத்தில் நான் போட்ட எந்தச் சட்டைக்கும் அவள் ஐயோ சொன்னதில்லை. வதனிக்கு ஒன்பது வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற வயது. "பியூட்டிஃபுல்!" என்று கத்திக்கொண்டு போய் அவருடைய வயிற்றிலிருந்த ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தாள். அன்றிலிருந்து அவர் அவளுக்குப் பூ அங்கிள். என் வெள்ளைச் சட்டைகளைப் பார்த்தால் பள்ளிக்கூடத்து அதிபரின் ஞாபகம் வருகிறது என்று அவள் முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

"விசேஷம்னு சொன்னீங்களே அக்கா, அதான் போட்டுக்கிட்டு வந்தேன்," என்றார் மாரியப்பன். "எங்க ஊர்ல கல்யாணத்துக்கும் இதான், வெள்ளிக்கிழமைன்னா ஆபீசுக்கும் இதான். எங்க அம்மா தைச்சது."

"தையற்காரியோ?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. வீட்டுல சும்மா தைப்பாங்க. அளவு நாடாவே கெடயாது. சாண் போட்டுப் பாப்பாங்க, வெட்டிருவாங்க."

சாண் போட்டு வெட்டிய சட்டை அவர் தோளில் இருந்த இருப்பை நான் பார்த்தேன். சோற்றைப் பிசைந்தபடியே பார்த்தேன். குற்றம் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் பார்த்தேன். பொத்தானைப் பூட்டியிருந்த இடத்தில் இடதுபக்க ஓலை வலதுபக்கம் போய் முடிந்தது, நடுவில் முறிவே இல்லை. கொலர் விறைக்காமல் மார்பில் தட்டையாகப் படிந்திருந்தது. வால் இல்லை. அடி நேராக, இரு பக்கமும் சின்ன வெட்டு விட்டு, வெளியே விடுவதற்கென்றே இருந்தது. பொத்தான்கள் தேங்காய்ச் சிரட்டையில் கடைந்தவை. பையைக் காணவில்லை. பை இல்லாத சட்டையா என்று எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. அப்போது மாரியப்பன் கை துடைக்கும் லேஞ்சியை மார்பிலிருந்த ஒரு பூவுக்குள்ளிருந்து எடுத்தார்.

பை அந்தப் பூவுக்குள்ளேயே ஒளிந்திருந்தது.

அவர் தண்ணீர் எடுக்கக் கையை நீட்டியபோது கைக்குக் கீழே கமக்கட்டுத் தையல் இரண்டு விரல் அளவுக்கு விட்டிருந்ததைக் கண்டேன். கடவுள் தந்த வழி என்று நினைத்தேன். கடவுளை இதில் இழுப்பது அநியாயம்தான்.

"தம்பி, தையல் விட்டுப்போச்சு. கழற்றித் தாரும், நான் சரிப்படுத்தித் தாறன்."

"உங்களுக்கு எதுக்கு அண்ணே செரமம்?"

"செரமம் என்ன, என்ர தொழில்தானே."

அவர் உடனே கழற்றித் தந்துவிட்டார். என் வெள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதுவும் அவருக்கு என்னைவிட நன்றாக இருந்தது என்பதை இங்கே எழுதாமல் விட முடியவில்லை.

5

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் குசினி மேசையில் சட்டையை விரித்தேன். விட்டுப்போன தையலை மட்டும் தைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. நான் ஒவ்வொரு தையலாகப் பிரிக்கத் தொடங்கினேன்.

சிவமணி ஆஸ்பத்திரி உடுப்போடு வந்து நின்று பார்த்தாள். தொழிற்சாலைக் கதையை அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன்.

"அந்த மனுசனிட்டக் கேட்டுட்டுச் செய்யலாமே? கேட்டால் தருவார்தானே."

"தருவான். அதுதான் எனக்குப் பிடிக்கேல்லை."

அவள் அதற்குப் பதில் சொல்லாமல் முகம் கழுவப் போனாள். அவள் பதில் சொல்லாத நேரங்களை நான் எண்ணி வைத்திருக்கிறேன். அதிகமில்லை.

பையைப் பிரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. மாரியப்பனின் அம்மா சட்டையின் முன்பக்கத்தை வெட்டியபின், பை வரப்போகும் இடத்தில் எந்தப் பூவின் எந்த இதழ் இருக்கிறதோ, அதே பூவைத் துணியின் வேறோர் இடத்தில் தேடிப் பிடித்து அதைச் சுற்றி வெட்டியிருக்கிறாள். ஒரு பைக்காக அரை யார் நீளத் துணி வீண். எங்கள் கடையில் நான் பையை எப்போதும் வெட்டி விழுந்த மிச்சத் துண்டில்தான் வெட்டுவேன். துணி மிச்சம் பிடிப்பவன்தான் நல்ல மாஸ்டர் என்று என்னைப் பழக்கியிருந்தார்கள். நானும் நாலு பேரை அப்படித்தான் பழக்கினேன்.

அப்படியானால் அவளிடம் துணி தாராளமாக இருந்திருக்கும் என்று நினைத்து, முதுகுப் பக்கம் தோளின் உட்துணியைத் திருப்பினேன். அது கோதுமை மாச்சாக்கு. வெளுத்துப்போன ஆங்கில எழுத்துகள் இன்னும் தெரிந்தன. துணி போதாமல்தான் போயிருக்கிறது. ஒருவர் கண்ணிலும் படாத இடத்தில் சாக்கை வைத்துவிட்டு, எல்லோரும் பார்க்கும் பூவுக்கு நல்ல துணியைச் செலவழித்திருக்கிறாள். இதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எனக்கு ஏன் ஒருவரும் சொல்லித் தரவில்லை?

அந்த ஆத்திரத்தில் துணியின் கரையைப் பார்த்தேன். தையலுக்குள் மடிந்திருந்த கரையில் யப்பான் எழுத்துகள் அச்சாகியிருந்தன.

"இஞ்சேரும்!" என்று கத்தினேன். "இது பிஜித் துணியே இல்லை! யப்பான் துணி! அசலாம் அசல்!"

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள் சிவமணி.

"அதுக்கு இப்ப என்ன? உங்கட வெள்ளைத் துணி மட்டும் எங்கட சுன்னாகத்திலயோ நெய்தது?"

எங்கள் கடைத் துணி சீமையிலிருந்து வந்தது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டு பிரித்த துண்டுகளைத் தாளில் வைத்துக் கோடு போட்டேன். துணி யப்பானில் நெய்தது என்று எங்கே போய்ச் சொன்னாலும், அதை வெட்டியது பிஜியில் இருக்கும் ஒருத்தியின் கை. அதைப் பொய்யாக்க எனக்கு வழி கிடைக்கவில்லை.

சட்டையைத் திரும்பத் தைக்க மூன்று நாள் பிடித்தது. பழைய ஊசித் துளைகளுக்குள்ளேயே ஊசி விட்டேன். மாச்சாக்கைக்கூட மாற்றவில்லை. மாரியப்பன் வந்து போட்டுப் பார்த்து, "புதுசாட்டம் ஆயிடுச்சி அண்ணே!" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

6

அந்தத் தாளை வைத்து வெட்டிய இரண்டாவது மாதிரியைக் கண்டதும் ரொக்கோ சட்டையை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போனார். நகரத்துக் கடைக்காரர் வந்தார், பையைத் தேடினார், விரலால் தடவிக் கண்டுபிடித்தார், சிரித்தார். உங்கள் பாரம்பரியமா என்று என்னைக் கேட்டார். ஓம் என்றேன். இரண்டாவது முறை அந்தப் பொய் லேசாக வந்தது.

யன்னலோர மேசை எனக்குக் கிடைத்தது.

அந்த மேசையில் என் முதல் வேலை, ஆயிரக்கணக்கில் வெட்டுவதற்கு அந்தச் சட்டையின் கோடு போட்ட தாளைத் தயாரிப்பது. தாளைப் பார்த்த முதலாளி, பையைச் சுற்றிய வெற்றிடத்தைப் பென்சிலால் தட்டினார்.

"இவ்வளவு துணியும் எங்கே போகிறது?"

பூவுக்குப் பூ சேர்வதற்கு என்றேன். அதுதான் இந்தச் சட்டை என்று சொன்னேனா? நினைவைத் தோண்டிப் பார்க்கிறேன், சொன்னதாக இல்லை. பையை விழுந்த துண்டில் வெட்டு என்றார். துணியை மேலும் கீழுமாகத் திருப்பி வைத்தால் இன்னும் மிச்சம் பிடிக்கலாமே, ஓலை தலைகீழாக இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்றார். நான் தலையாட்டினேன். மின்கத்தியும் நாற்பது மடிப்பும் பத்தடி தூரத்தில்தான் இருந்தன. எனக்குக் கதிரை பழகிவிட்டிருந்தது.

என் கையாலேயே தாளைத் திருத்தினேன். நல்ல மிச்சம். பெரியகடையில் நான் பழக்கிய பெடியன்கள் கண்டிருந்தால் மெச்சியிருப்பார்கள்.

கழுத்தில் ஒரு சீட்டுத் தைத்தார்கள். அசல் தீவுச் சட்டை என்று அதில் தென்னை மரப் படத்தோடு அச்சாகியிருந்தது.

7

போன ஞாயிறு மாரியப்பன் வந்தார். நல்ல வெயில். தன் அம்மா தைத்த சட்டையைப் போட்டிருந்தார். கையில் கடைப் பெட்டி ஒன்று.

"அண்ணே, எங்க ஊரு சட்டை இங்க கடைக்கே வந்துருச்சி! கண்ணாடிக்குள்ள மாட்டி வெச்சிருக்கான். பாத்ததும் ஒங்க ஞாபகம்தான் வந்துச்சி. எஞ் சட்டைய அவ்ளோ அருமையாத் தைச்சுக் குடுத்தீங்களே."

பெட்டியைத் திறந்து எனக்கு முன்னால் நீட்டினார். நான் செய்த தாளில் வெட்டிய சட்டை. எனக்குப் பரிசு.

"போட்டுக் காட்டுங்கோ அப்பா," என்று வதனி தமிழில் கேட்டாள். அவள் தமிழில் கேட்பதற்கு இந்த நாள்தானா கிடைத்தது!

போட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். மார்பில் பாதிப் பூ நின்றது. அதை வெட்டிக்கொண்டு ஒரு சதுரப் பை, அதற்குள் தலைகீழாக ஓர் ஓலை. எனக்குப் பக்கத்தில் மாரியப்பன் நின்றார். அவர் மார்பில் முழுப் பூ. சாண் போட்டு வெட்டிய அந்த அம்மாளின் மேல் எனக்குப் பொறாமை வந்தது. அவளுக்கு மேசை இல்லை. தாள் இல்லை. பென்சிலால் தட்ட ஒருவரும் இல்லை.

மாரியப்பன் என் பையைக் கிட்டவந்து பார்த்தார். பரிசு கொடுத்தவர் குறை சொல்லக் கூடாது என்று கொஞ்சம் தயங்கினார். பிறகு முடியாமல் சொல்லிவிட்டார்.

"பாக்கெட்டு மட்டும் சேரலண்ணே. வெட்டுனவன் அவசரத்துல வெட்டிப்புட்டான் போல."

சிவமணி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"வெட்டினது நான்தான், தம்பி," என்றேன்.

மாரியப்பன் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு வீடு அதிரச் சிரித்தார்.

"நீங்களா? போங்கண்ணே! எங்க அம்மா சட்டையில விட்டுப்போன தையல ஒரு நூலு பிசகாமத் தைச்சவரு நீங்க. ஒங்க கைக்கு இப்பிடி வெட்ட வருமா?"

இல்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன், உமது சட்டையை முழுவதும் பிரித்துத்தான் களவெடுத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் இன்னும் சிரித்துக்கொண்டே என் முதுகில் தட்டினார். பகிடி நல்லாயிருக்கு என்றார். அவர் சிரிப்பதைக் கண்டு வதனியும் சிரித்தாள். நானும் பல்லைக் காட்டினேன்.

சிவமணி சிரிக்கவில்லை. தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள்.